மாதவிலக்குக் கட்டத்தில் நான் போட்ட கோடு

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குக் கொடுத்த வேலை வெளிநோயாளிகளுக்கு ஓ.பி. சீட்டு எழுதுவது. நர்ஸிங் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய திமிரோடு வந்தவளிடம் ஒரு பேனாவையும் சீட்டுக் கட்டையும் நீட்டினால் எப்படி இருக்கும்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போய் உட்கார்ந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வரும் சின்ன தர்ம ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், அங்கே நடந்த தப்பு என்னுடையது.

சீட்டில் ஏழு கட்டங்கள் இருக்கும். பெயர், வயது, விலாசம், தொழில், கல்யாணம் ஆனவரா, பெண்களானால் மாதவிலக்கு விவரம், கடைசியில் என்ன தொந்தரவு. வராந்தாவில் மேஜை போட்டு, வருகிறவர்களை வரிசையாகக் கேட்டு நிரப்பி உள்ளே அனுப்ப வேண்டும்.

என்னிடம் வந்த முதல் பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும். கழுத்தில் கட்டி. நான் படித்த படிப்புக்குக் குறை வைக்காமல், "மாசா மாசம் சரியா வருதாம்மா?" என்று கணீரென்று கேட்டேன். அவளுக்குப் பின்னால் ஐந்தாறு ஆண்கள் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் அவளுடைய மாமா. அந்தப் பெண் சீட்டை வாங்காமலே போய்விட்டாள்.

ஹெட் சிஸ்டர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "ஏன் ஸ்டெல்லா, கல்யாணமாகாத பொண்ணுகிட்ட நாலு ஆம்பளைங்க முன்னால கேக்கிற கேள்வியா இது? அந்தக் கட்டத்துல ஒரு கோடு போட்டுட்டு மேல போ."

"டாக்டர் கேட்டா?"

"சொறிக்கும் சிரங்குக்கும் மருந்து குடுக்கிறவர் அதை எதுக்குக் கேக்கப்போறாரு?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து கல்யாணமாகாத பெண் என்றால் அந்தக் கட்டத்தில் கோடு. பின்னால் எனக்குக் கீழே இரண்டு நர்ஸுகள் வந்தார்கள். அவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன்.

2. செவ்வாய்க்கிழமைகள்

ஸ்கின் ஓ.பி. செவ்வாய்க்கிழமை மட்டும். டாக்டர் சேஷாத்ரி மயிலாப்பூர்க்காரர். மாம்பலத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எண்பது பேரையாவது பார்த்துவிட்டுப் போய்விடுவார். கைராசிக்காரர், தங்கமான மனிதர், ஆனால் ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம்தான். சீட்டில் நாங்கள் எழுதியதை அப்படியே நம்புவார்.

வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் படை, சிரங்கு. மீதியில் முகப்பரு என்று வரும் பெண்கள் நிறைய. அவர்களில் சிலரை நான் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். பரு கன்னத்தில் இருக்கும், ஆனால் முந்தானையால் மூடுவது தாடையை. முந்தானையை விலக்கினால் தாடையிலும் மேலுதட்டிலும் கறுகறுவென்று முடி இருக்கும். சிலருக்குக் கழுத்துப் பிடரி கறுத்துத் தடித்திருக்கும்.

எல்லோருக்கும் ஒரே மருந்து, கந்தகம் கலந்த லோஷன். கம்பவுண்டர் பெரிய ஜாடியில் கலக்கி வைத்திருப்பார். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்தால் ஊற்றிக் கொடுப்போம். அதோடு என் கைமருந்தும் ஒன்று உண்டு. "எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்." இதை நான் எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பேன் என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். எனக்கே அப்போது கல்யாணம் ஆகவில்லை. எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியவில்லை.

3. கஸ்தூரி

எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தவள் கஸ்தூரி. சிட்லபாக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். அந்த வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய முதல் ஆள் அவள். டீச்சர் ட்ரெயினிங்கும் முடித்திருந்தாள். இருபத்து மூன்று வயது, கொஞ்சம் பூசினாற்போல உடம்பு, குரல் மட்டும் மணி மாதிரி. வரிசையில் நின்று அவள் பேசினால் வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்க்கும். பார்த்ததும் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள்.

இரண்டு வருடம் தவறாமல் வந்தாள். கையில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். பரு ஒரு மாதம் அடங்கும், அடுத்த மாதம் பழையபடி கிளம்பும். நான் ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு எழுதுவேன், அந்தக் கட்டத்தில் கோடு போடுவேன், லோஷன் ஊற்றுவேன்.

"ட்ரெயினிங் முடிச்சுட்டு ஏன் வீட்டுல உக்காந்திருக்க? வேலை கிடைக்கலையா?" என்று ஒரு நாள் வாயைக் கிளறினேன்.

"ரெண்டு எடத்துல கிடைச்சுது சிஸ்டர். நான்தான் போகல. மூஞ்சி சரியாகட்டும்னு பாக்கிறேன்."

"பாடம் நடத்துறதுக்கு மூஞ்சி எதுக்கு?"

"நாப்பது பொண்ணுங்க எதிர்ல உக்காந்திருக்கும் சிஸ்டர். எங்க பாக்கும்? என் தாடையைத்தான் பாக்கும். ட்ரெயினிங்ல மாடல் க்ளாஸ் எடுத்தப்போ பூராவும் போர்டைப் பாத்துகினே எடுத்தேன். மார்க்கைக் குறைச்சுட்டாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். வரிசை கேட் வரை நின்றது.

இரண்டாவது வருடம் ஏப்ரலில் அவளுக்கு மூன்றாவது ஆர்டர் வந்தது. சேலையூர் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். ஜூனில் பள்ளி திறக்கும் அன்று போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் அப்பா, "இதையும் வேணாம்னா அப்புறம் வேலைப் பேச்சே எடுக்காதே. களத்துமேட்டுக்கு வந்துடு" என்று வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாராம். ஆர்டரை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். ஆனால் என்னிடம் காட்டிவிட்டு, ஆஸ்பத்திரியில் வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். போவதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

4. பிளேடு

மே மாதக் கடைசி வாரம். செவ்வாய்க்கிழமை வரிசையில் அவள் தாடையைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு நின்றாள். கூட அவள் அம்மா தனலட்சுமி. அந்த அம்மாள் வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"இன்னா பண்ணிகினு வந்துகீறா பாரு சிஸ்டர். அண்ணங்காரன் ஷேவிங் பண்ணிட்டுத் தூக்கிப் போட்ட பிளேடை எடுத்து, சோப்பும் இல்லாம தண்ணியும் இல்லாம சொரண்டிகினாளாம். மூணு நாளா ஜொரம்."

டிரஸ்ஸிங் ரூமுக்குக் கூட்டிப்போய்த் துண்டை அவிழ்த்தேன். தாடை முழுக்கச் சீழ். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "படிச்ச பொண்ணுதானே நீ? துருப்பிடிச்ச பிளேடால முகத்துல கோலம் போட்டுகினு வந்திருக்க. உடம்புல வேற என்னென்ன கூத்து பண்ணி வெச்சிருக்க? வேற என்ன தொந்தரவு, எல்லாத்தையும் இப்பவே சொல்லு."

நான் சுடுநீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"எட்டு மாசமா எனக்கு வரல சிஸ்டர்."

கை நின்றுவிட்டது. "எது வரல?"

"அதான். வயசுக்கு வந்ததுலருந்தே சரியா வந்ததில்ல. மூணு மாசம், அஞ்சு மாசம்னு தள்ளிப் போகும். இப்ப எட்டு."

"இதை ஏண்டி இத்தினி நாள் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. ஒவ்வொரு வாட்டியும் பாத்துகினுதான் இருப்பேன். அந்தக் கட்டம் வந்ததும் நீங்களே ஒரு கோடு போட்டுடுவீங்க. கேக்கக்கூடாத விஷயம்போலன்னு நானும் வுட்டுட்டேன்."

இத்தனை வருட சர்வீஸில் டாக்டர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், நோயாளியின் சொந்தக்காரர் ஒருவர் ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். இந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னதுபோல எதுவும் என்னை வெட்கப்படுத்தியதில்லை. அவளுடைய பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு சீட்டு. இருபத்திரண்டிலும் அந்தக் கோடு, என் கையெழுத்தில், ஸ்கேல் வைத்ததுபோல நேராக இருந்தது.

சீட்டுகளை அப்படியே டாக்டர் சேஷாத்ரியின் மேஜையில் வைத்துச் சொன்னேன். அவர் ஒவ்வொரு சீட்டாகப் புரட்டிப் பார்த்தார்.

"நீங்க கேட்டிருப்பேள்னு நெனச்சேன் சிஸ்டர். நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கும் கூச்சம்தான்" என்றார். பிறகு லேடி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

5. ஒரே வீட்டுப் பிள்ளைகள்

லேடி டாக்டர் லில்லி அம்மா வியாழக்கிழமைதான் வருவார். எங்கள் ஆஸ்பத்திரியில் முகத்துக்குச் செவ்வாய், கர்ப்பப்பைக்கு வியாழன். இரண்டு நாள் சீட்டும் தனித்தனி அலமாரியில் கிடக்கும். ஒருத்தியின் முகமும் வயிறும் ஒரே உடம்பில்தான் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வியாழன் எனக்கு லீவு. லீவைக் கேன்சல் செய்துவிட்டுப் போய் நின்றேன். அப்போது ஸ்கேன் எல்லாம் கிடையாது. லில்லி அம்மா நிதானமாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். கழுத்துக் கறுப்பைப் பார்த்துவிட்டு, "இதை என்ன பண்றே?" என்றார். செங்கல் பொடி போட்டுத் தேய்ப்பதாகக் கஸ்தூரி சொன்னாள்.

"அது அழுக்கில்லம்மா, தேய்க்காதே. முகத்துல பரு, தாடையில முடி, கழுத்துல கறுப்பு, மாசக் கணக்கு தள்ளிப்போறது, எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. சினைப்பையில முட்டை சரியா முதிராம சின்னச் சின்ன நீர்க்கொப்புளமா நின்னுடுது. அதனால ஆம்பளைங்களுக்கு இருக்கிற சுரப்பு உனக்குக் கொஞ்சம் கூடுதலா இருக்கு. நீ செஞ்ச தப்பு ஒண்ணும் இல்ல. உன்னைப் போல நெறையப் பேர் இருக்காங்க."

அந்த நோய்க்கு இரண்டு வெள்ளைக்கார டாக்டர்களின் பெயரைச் சேர்த்து அப்போது ஒரு பெயர் சொல்வார்கள். இப்போது அது நான்கு இங்கிலீஷ் எழுத்துப் பெயராகி, பள்ளிக்கூடப் பெண்களுக்கே தெரிந்திருக்கிறது.

தனலட்சுமி அம்மாள் அதுவரை கதவோரம் நின்றிருந்தவர், சுருக்குப்பையைத் திறந்து ஒரு முள்வாங்கியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எனுக்கும் கீதும்மா. நானு விடிய முன்ன எயுந்து புடுங்கிக்குவேன். என் வூட்டுக்காரருக்கே தெரியாது. இது நம்ம குடும்பத்துக்கு வந்த சாபம்னு இவகிட்டகூடச் சொல்லல."

கஸ்தூரி அம்மாவின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த முள்வாங்கியை எடுத்து அம்மாவின் சுருக்குப்பையில் திரும்பப் போட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

லில்லி அம்மா எழுதிக் கொடுத்த மாத்திரை குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கொடுப்பது. கல்யாணமாகாத பெண் கையில் அதைப் பார்த்தால் ஊர் என்ன பேசும் என்று லில்லி அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். லில்லி அம்மா தனலட்சுமியிடம் ஒளிக்காமல் சொன்னார். இது சுரப்பை ஒழுங்குபடுத்தும் மருந்து, மாதவிலக்கு வரவைக்கும், பின்னால் குழந்தை பெறுவதற்குத் தடையில்லை. தனலட்சுமி கேட்டுவிட்டு, "கடையில நானே போயி வாங்கியாறேன். எவனாச்சும் கேட்டா எனக்குன்னு சொல்லிக்கிறேன்" என்றார். அந்த வயதில் அவருக்கு அந்த மாத்திரையா என்று கடைக்காரர் முழிக்கட்டும் என்று எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் கஸ்தூரி சிரிக்கவில்லை. "எத்தினி நாள்ல முடி போகும் டாக்டர்?"

"ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகும். பரு குறையும். இருக்கிற முடி சட்டுனு போகாது. புதுசா வர்றது மெதுவாக் குறையும். நடக்கணும், எடை குறையணும்."

பள்ளி திறக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

6. ஆபரேஷன் கேஸ்

எனக்கு இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. மருந்து கண்டுபிடித்தாயிற்று, ஆனால் அது ஜூன் மாதத்துக்குள் வேலை செய்யாது. மூன்றாவது நாள் காலையில் ஹெர்னியா ஆபரேஷனுக்கு ஒரு பெரியவரைத் தயார் செய்துகொண்டிருந்தேன். சுடுநீர், சோப்பு நுரை, புது பிளேடு. வயிற்றில் முடியை மழித்து, ஒரு கீறல் இல்லாமல் துடைத்துவிட்டேன். ஏழெட்டு வருடமாக வாரத்துக்கு நாலு பேருக்காவது இதைச் செய்கிறேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அட, எனக்குத் தெரிந்த வேலைதானே இது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் சேஷாத்ரியைக் கேட்டேன். "பொம்பளைங்க மழிச்சா தாடி மாதிரி அடர்த்தியா வளரும்னு சொல்றாங்களே சார், நிஜமா?"

அவர் சிரித்தார். "நான் தெனம் மழிச்சுக்கிறேன். அப்படி வளர்றதா இருந்தா இந்நேரம் மூஞ்சி பூரா காடாயிருக்கணுமே. முனை வெட்டுப்படறதால சொரசொரன்னு இருக்கும், அவ்வளவுதான். புதுசா ஒரு முடிகூட வராது. பரு மேல படாம, சுத்தமாச் செஞ்சா தாராளமாச் செய்யலாம்."

பள்ளி திறக்கும் நாளன்று காலை ஆறரை மணிக்குக் கஸ்தூரியை டிரஸ்ஸிங் ரூமுக்கு வரச் சொன்னேன். புண் ஆறிப் புதுத் தோல் வந்திருந்தது. வருவாளா என்று எனக்கே சந்தேகம். வந்தாள். புதுப் புடவை, கைப்பையில் அந்த ஆர்டர். வாசலில் நின்று, "யாராச்சும் பாத்தா என்ன சிஸ்டர் சொல்றது?" என்றாள்.

"ஆபரேஷன் கேஸ்னு சொல்றேன். உள்ள வா."

ட்ரேயில் எல்லாம் எடுத்து வைத்தேன். நுரை போட்டு, தோலை விரலால் இழுத்துப் பிடித்து, முடி சாய்ந்த பக்கமாகவே பிளேடை ஓட்டினேன். பாதித் தாடையை நான் செய்துவிட்டு, மீதியை அவளையே செய்யச் சொன்னேன். முதல் இழுப்பைப் பயந்து பயந்து இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் பயம் போய்விட்டது. முடித்துக் கண்ணாடியில் பார்த்தாள், பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "சின்ன வயசுல இப்படி இருந்தேன்" என்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளி முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. போச்சு, வேலையை விட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

"நேத்து அவசரத்துல சரியா மழிக்கல சிஸ்டர். பின் பெஞ்சுல ஒருத்தி 'மீசை டீச்சர்'னா. க்ளாஸே சிரிச்சுது."

"அழுதியா?"

"போர்டு பக்கம் திரும்பினேன். நாலு வரி எழுதினேன். அப்புறம் என்னமோ தோணிச்சு, பொண்ணுங்க பக்கம் திரும்பி நின்னேன். 'ஆமா, இருக்கு. எனக்கு ஒரு நோய். டாக்டர்கிட்டப் போயிகினு இருக்கேன், சரியாகும். உனக்கு இந்தக் கணக்கு எப்ப சரியாகும்? எயுந்து வந்து போர்டுல போடு'ன்னேன். வந்து போட்டா. தப்பாப் போட்டா. சொல்லிக்குடுத்தேன்."

முகம் சிவந்தது வெயிலில் நடந்து வந்ததால். எடை குறைய வேண்டும் என்று சேலையூரிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

7. மறைப்பு

அவளுக்கு முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மாதக் கணக்கு ஒழுங்குக்கு வந்தது. பரு அடங்கித் தழும்பு நின்றது. முடி போகவில்லை. தினம் மழித்தவள் ஒரு வருடத்துக்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் மழித்தாள். கல்யாணம் ஆச்சா என்று கேட்பீர்கள். ஆச்சு. அதனால்தான் சரியானது என்று யாராவது சொன்னால் அவர்களை என்னிடம் அனுப்புங்கள்.

நான் ஹெட் சிஸ்டரிடம் சண்டை போட்டேன். அவர் அந்தக் கேள்வி கூடாது என்றே நின்றார். நான் கேள்வியில் தப்பில்லை, கேட்கிற இடத்தில்தான் தப்பு என்றேன். கடைசியில் ஒரு மறைப்புத் துணியும் இரண்டு நாற்காலியும் கிடைத்தன. வராந்தா மூலையில் அதைக் கட்டி, பெண்களை அங்கே உட்கார வைத்துக் கேட்கத் தொடங்கினேன். குரலைத் தாழ்த்திக் கேட்டால் எல்லோரும் பதில் சொன்னார்கள். பலர் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்ததுபோலச் சொன்னார்கள். பழைய அலமாரியிலிருந்த சீட்டுகளைக் கிளறி, முகப்பரு என்றும் கோடு என்றும் இருந்த பெண்களுக்கு, மறுபரிசோதனைக்கு வரவும் என்று மட்டும் தபால் கார்டு போட்டேன். சிலர் வந்தார்கள். வராதவர்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று ஒரு கட்டத்தைத் தாண்டிப் போகாதீர்கள். உங்களுக்குக் கூச்சம் ஒரு நிமிடம். அந்தப் பெண் அதை வருடக்கணக்கில் சுமப்பாள்.

எழுபதுகள் முடியப்போகிற சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை கஸ்தூரி டீச்சர் மறைப்புத் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கூட ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியும் அவள் அம்மாவும். அந்தப் பெண் தாவணியால் தாடையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டு அந்தக் கட்டத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்தி வாயைத் திறந்தேன்.

"நான் ஸ்கூல்லயே கேட்டுட்டேன் சிஸ்டர். அஞ்சு மாசமாச்சாம். எழுதிக்கோங்க" என்றாள் கஸ்தூரி.

எழுதினேன். அந்தப் பெண் நிமிர்ந்து கஸ்தூரியின் தாடையைப் பார்த்தாள். அன்று மழிக்காத நாள் போலிருக்கிறது, ஜன்னல் வெளிச்சத்தில் முடி நன்றாகவே தெரிந்தது. கஸ்தூரி மூடிக்கொள்ளவில்லை, அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று முகத்தை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். அந்தப் பெண் தாவணியிலிருந்து கையை எடுத்தாள்.